அதிபர் சொன்ன பார்க்கலாம்

பதினேழு வருட ஆட்சியில் ஒருவரிடம்கூட முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லாதவர் நீலமங்கலத்தின் அதிபர் தங்கப்பழம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவருடைய தேர்தல் சுவரொட்டியிலேயே அப்படித்தான் போட்டிருந்தார்கள். வேலை கேட்டுப் போனாலும், தண்ணீர்க் குழாய் கேட்டுப் போனாலும், சிறையில் இருக்கும் புருஷனைக் கேட்டுப் போனாலும், மனிதர் எழுந்து நின்று கும்பிட்டு, உட்கார வைத்து, மோர் கொடுத்து, "பாக்கலாம்" என்பார். பிறகு வாசல்வரை வந்து வழியனுப்புவார். போனவர்கள் சந்தோஷமாகத் திரும்புவார்கள். பாதி வழியில்தான் கையில் ஒன்றும் இல்லை என்பது உறைக்கும்.

அந்த ஒற்றைச் சொல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அந்த நாட்டின் அத்தனை அரசாங்கப் பூட்டுகளையும் திறந்துவிட்டது. அப்போது நான் பல்லாயிரம் மைலுக்கு அப்பால், குளிரில் விறைத்துக் கிடந்த ஒரு நகரத்தில், பாக்கெட் உப்புமாவில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் அங்கயற்கண்ணி. சொந்த ஊர் மதுரை. உலக மக்களாட்சி அவையில் தமிழுக்கான மொழிச் சான்றாளர். பெயர்தான் பெரிது. யாராவது தமிழில் ஒன்றைச் சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு தரப்புக்குத் தகராறு வந்தால், நான் சொல்வதுதான் முடிவு. பன்னிரண்டு வருடமாகத் தகராறே வரவில்லை. மற்ற நேரத்தில் அவைக்கு வரும் தமிழ்க் கடிதங்களுக்குப் பதில் போடுவேன், உப்புமா சாப்பிடுவேன்.

அவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடுகளில் தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா, விசாரணை இல்லாமல் யாரையும் அடைத்து வைத்திருக்கிறார்களா என்று கவனிப்பதும், உதவுவதும் அதன் வேலை. பழைய காலத்தில் இப்படிப்பட்ட அமைப்புகளுக்குத் தலைவர்கள் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஊருக்குப் போனதும் அந்தக் காகிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். இதில் அலுத்துப்போய்த்தான் அவை "செவி"யைச் செய்தது. செவி ஒரு கேட்கும் இயந்திரம். உலகின் எல்லா மொழியும் அதற்குத் தெரியும். ஒரு நாட்டுத் தலைவர் பதிவில் "சரி" என்று வாயால் சொன்ன நொடியே அது ஒப்பந்தம், அந்த நொடியே அமல். காகிதமும் இல்லை, அலமாரியும் இல்லை. உறுப்பு நாடுகளின் சிறை, வாக்குப்பெட்டி அறை, ஆவண அறை எல்லாவற்றின் பூட்டும் செவியோடு இணைக்கப்பட்டிருக்கும். இதற்கு ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்றால், உறுப்பினர் இல்லாத நாட்டுக் கப்பலை எந்தத் துறைமுகமும் உள்ளே விடாது.

நீலமங்கலத்துக்குக் கப்பல்தான் உயிர். அது கடலில் மிதக்கும் நாடு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கடலடிச் சுரங்க வேலைக்குப் போனவர்கள், வேலை முடிந்தும் திரும்பாமல், மிதவைகளைச் சங்கிலியால் பிணைத்துக் கொடியேற்றிவிட்டார்கள். நாற்பதாயிரம் பேர். அவ்வளவு பேரும் தமிழ்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். அவையின் பார்வையாளர் குழுத் தலைவி சிக்ரித், நார்வேக்காரர், திரையில் அதிபரைக் கூப்பிட்டு, தன் மொழியில் ஒரு கேள்வி கேட்டார். செவி அதைத் தமிழாக்கியது: "எங்கள் பார்வையாளர்கள் வந்து பார்க்கலாமா?"

தங்கப்பழம் வழக்கம்போலக் கும்பிட்டார். வழக்கம்போலச் சொன்னார்: "பாக்கலாம், பாக்கலாம்."

செவியைக் குற்றம் சொல்ல முடியாது. பார்க்கலாமா என்று கேட்டது, பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதுவும் இரண்டு தடவை. எதைப் பார்க்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று அதிபர் ஒன்றும் சொல்லாததால், எல்லாவற்றையும், எப்போதும் என்று செவி எடுத்துக்கொண்டது. நீலமங்கலம் முழுக்கப் பூட்டுகள் டக்டக்கென்று திறந்தன.

மூன்றாம் நாள் மூன்று கப்பலில் இருநூற்றுப் பன்னிரண்டு பார்வையாளர்கள் நீலச் சட்டையும் தொப்பியுமாக இறங்கினார்கள். சிறையைப் பார்த்தார்கள். கதவு திறந்தது பார்க்க மட்டும்தான், கைதிகளை வெளியே விடக் காவலர்கள் சம்மதிக்கவில்லை. வாக்குப்பெட்டி அறையைப் பார்த்தார்கள். அங்கே சென்ற தேர்தலின் பெட்டிகள் முத்திரை உடைக்கப்படாமலே இருந்தன. எண்ணாமலே முடிவை அறிவித்திருக்கிறார்கள். அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகும் ஆள் மிச்சமிருந்ததால் மீன் ஏலத்தைப் பார்த்தார்கள், பத்தாம் வகுப்புப் பரீட்சையைப் பார்த்தார்கள், அரசு மண்டபத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தாலி கட்டுவதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்குக் கை நடுங்கி முடிச்சு மூன்று தடவை நழுவியது. அறிக்கையில் "மணமகன் தயங்கினார், ஆயினும் வற்புறுத்தல் ஏதும் காணப்படவில்லை" என்று எழுதினார்கள். அதிபர் மாளிகையும் அரசுக் கட்டடம்தானே, அதனால் அவருடைய சமையலறையில் நான்கு பேர் முறைவைத்து நின்றார்கள்.

நீலமங்கலத்துக்காரர்களுக்குத் திருவிழாக் கொண்டாட்டம். பார்வையாளர்களுக்கு முறுக்கு, அதிரசம் என்று ஊட்டித் தள்ளினார்கள். எங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாயையும் பாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். பதினேழு வருடமாக யாரும் பார்க்காததையெல்லாம் பார்க்க ஆள் வந்துவிட்டதே.

நான்காம் நாள் அதிபர் மாளிகையிலிருந்து ஆட்சேபம் வந்தது. அதிபர் ஒப்புதல் தரவே இல்லையாம், செவி தப்பாகப் புரிந்துகொண்டதாம். என் வாழ்க்கையின் முதல் தகராறு. மறுநாள் காலை நான் நீலமங்கலத்தில் இறங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மிதவை ஆடியதால் மட்டும் இல்லை.

முதல் வேலையாகப் பதிவைப் போட்டுக் கேட்டேன். ஒரு தடவை கேட்டதுமே தெரிந்துவிட்டது. எழுத்தில் அது சம்மதம்தான். காதில் அது சம்மதமே இல்லை. "பாஆக்கலாம்" என்று ஓர் இழுவை. கண் பக்கவாட்டில் போகிறது. தலை ஒரு பக்கம் சாய்கிறது. கடைசியில், திரைக்கு அந்தப் பக்கம் நார்வேயில் இருக்கும் பெண்மணியைப் பார்த்து, "மோர் சாப்பிடுங்க" என்கிறார். நம்மில் யாருக்கு இது புரியாது? பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போது இதே இழுவையோடு சொன்னால், வீட்டில் அன்றைக்கே அடுத்த ஜாதகத்தைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

அதிபரைப் பார்க்கப் போனேன். கும்பிட்டு, உட்கார வைத்து, மோர் கொடுத்தார். சமையலறை வாசலில் நின்ற பார்வையாளர் ஒருவர் மோரைக் குறித்துக்கொண்டார். மனிதரைப் பிடிக்காமல் போவது ரொம்பக் கஷ்டம், சொந்தச் சித்தப்பா மாதிரி இருந்தார்.

"தாயி, நீங்க நம்ம ஆளு," என்றார். "நான் சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாமலா?"

"இல்லைன்னு அர்த்தம். அப்படித்தானே ஐயா?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் ஏதோ கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தார். அப்படிப் பட்டென்று சொல்லிவிட முடியுமா, மனுஷனுக்கு மனுஷன் ஒரு முகதாட்சண்யம் வேண்டாமா என்றார். அப்படியானால் ஆமாம் என்று அர்த்தமா என்று கேட்டேன். அதுவும் இல்லை என்று தலையை ஆட்டினார். பின்னே எதுதான் என்றேன்.

"பாக்கலாம்னா பாக்கலாம்தான்," என்றார்.

அரை மணி நேரம் மன்றாடினேன். என் எதிரில்கூட அந்த "இல்லை"யை அவரால் சொல்ல முடியவில்லை.

அன்று மதியம் சிக்ரித் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நேர்மையான பெண்மணி. சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர். அவர் பேசுவதைச் செவி என் காதில் தமிழாக்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் செவிக்குத் தெரிந்த தமிழ் பட்டிமன்ற நடுவரின் தமிழ்.

"அன்பிற்குரிய அங்கயற்கண்ணி அவர்களே," என்றது காதில், "அகராதியின்படி அச்சொல்லின் பொருள் இசைவு என்பதே அன்றோ?"

புரிந்துகொண்டேன். அகராதியில் இருப்பதைச் சொன்னால் அது பொய் ஆகாது. அதைச் சொல்லிவிட்டால் கதவுகள் திறந்தே இருக்கும், வாக்குப்பெட்டிப் படங்கள் செல்லும், அடுத்த வாரம் அவையின் நீதிபதிகள் வந்து விசாரணைக் கைதிகளை விடுவிக்கலாம். நான் உண்மையைச் சொன்னாலோ, அந்த ஒப்புதலே செல்லாது. செல்லாத ஒப்புதலில் பார்த்ததெல்லாம் பார்க்காததாகும். படங்களை அழித்துவிட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அதிரசத்தோடு கப்பல் ஏற வேண்டியதுதான். சிக்ரித் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சிறைக்குள் அவர் பார்த்துவிட்டு வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார்.

அவர் பெயர் இசக்கிமுத்து. வாக்கு எண்ணும் அதிகாரி. ஆறு வருடத்துக்கு முந்தைய தேர்தலில், எண்ணாத பெட்டிக்கு எண்ணியதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எண்ணிவிட்டுப் போடுகிறேன் என்றாராம். எண்ண வேண்டாம், போட்டால் போதும் என்றார்கள். மாட்டேன் என்றார். அன்றிலிருந்து "விசாரணைக்காக" உள்ளே இருக்கிறார். ஆறு வருடத்தில் ஒரு கேள்விகூட அவரை யாரும் கேட்கவில்லை.

நான் முடிவெடுத்துவிட்டேன், அகராதிதான். பன்னிரண்டு வருடம் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியதற்கு ஒரு பொய்யாவது உருப்படியாகச் சொல்லலாமே என்று தோன்றியது. துள்ளிக் குதிக்காத குறையாக அறைக்குத் திரும்பினேன்.

அறை வாசலில் ஒரு பெண் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுபவர், எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். செண்பகவல்லி, இசக்கிமுத்துவின் மனைவி. உள்ளே உட்கார வைத்தேன். செவியின் பதிவோடு மாதா மாதம் நடக்கும் அதிபரின் குறைதீர்க்கும் நாளுக்குப் போய் மனு கொடுத்திருக்கிறார். மொத்தம் எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு தடவையும் அதே பதில்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதீங்கக்கா, நாளைக்கு நான் "ஆமாம்"னுதான் சான்று கொடுக்கப்போறேன் என்றேன். அவர் அழுவார், கும்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் கையை உருவிக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதிய," என்றார். "உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் கதவு சாத்திக்கொள்ளுமே, உங்கள் வீட்டுக்காரர் உள்ளேயே இருப்பாரே என்று விளக்கினேன். விளக்கமாகவே விளக்கினேன், பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பொய்க்கணக்குல கையெழுத்துப் போடமாட்டேன்னு உள்ள போனாவ அவிய. பொய்ச்சான்றுல வெளிய கூப்புட்டா வருவாவளா? அது ஒண்ணு. இன்னொண்ணு, எனக்கு இல்லைங்கிற பதில் வேணும் மேடம். ஆறு வருசமா அதத்தான் கேக்கேன். இல்லைன்னு ஒருத்தர் சொன்னாத்தான மேல மனு போடலாம்? பாக்கலாம்னா எங்க போயி மனு போட? சிரிச்ச மொகத்துக்கு எதுக்க என்ன செய்ய முடியும் சொல்லுங்க."

அவர் எழுந்து, பளுதூக்கி காலியாக நிற்கிறது, கப்பல்காரன் திட்டுவான் என்று சொல்லிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதவுகள் சாத்திக்கொள்ளும் சத்தம் முன்கூட்டியே காதில் கேட்டபடி இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பேரவை மண்டபத்தில் பொருள் விசாரணை. ஊரே வந்திருந்தது. இடம் கிடைக்காதவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். யாரோ சுண்டல் விற்றார்கள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க இவ்வளவு கூட்டம் கூடும் என்று என் தமிழாசிரியர் சொன்னால்கூட நான் நம்பியிருக்க மாட்டேன். என் சட்டையில் ஒரு வில்லையைக் குத்திவிட்டார்கள். அதில் பச்சை விளக்கு எரியும்போது நான் சொல்வதெல்லாம் சான்று. விசாரணை நாளன்று சூரியன் மறையும்வரை எரியும். நாமாக அணைக்க ஒரு பொத்தான் உண்டு.

செவி முதலில் அதிபரைக் கேட்டது: "தாங்கள் மொழிந்தது மறுப்பு என்பது தங்கள் வாதமா? ஆம் அல்லது இல்லை என்று விடையிறுக்கவும்."

அதிபர் எழுந்தார். கூட்டத்தைக் கும்பிட்டார். அது ஒரு மரியாதைக்குச் சொல்வது என்றார். புரியவில்லை, ஆம் அல்லது இல்லை என்றது செவி. பெரியவர்கள் காலத்திலிருந்து வருகிற பழக்கம் என்றார். புரியவில்லை என்றது செவி. வேர்த்து ஊற்றியது மனிதருக்கு. சன்னலில் தொங்கிய ஒருவர், "சொல்லிருங்க ஐயா, ஒரே ஒரு தடவதான்" என்று தைரியம் சொன்னார். மண்டபம் குலுங்கியது. அதிபர் வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார்.

"தாயி சொல்லுவாவ," என்று உட்கார்ந்துவிட்டார்.

எழுந்தேன். இரண்டாவது வரிசையில் காக்கிச் சட்டையோடு செண்பகவல்லி உட்கார்ந்திருந்தார். சிக்ரித் கைகளைக் கோத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அகராதி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"இழுத்துச் சொல்லி, பார்வையை விலக்கி, கூடவே மோரும் கொடுத்தால், இவர் வாயில் பார்க்கலாம் என்பதற்கு இல்லை என்று அர்த்தம்," என்றேன். "நடக்காது, போய் வா என்று அர்த்தம். இதை நான் சான்றளிக்கிறேன்."

அடுத்த நொடி வெளியே பூட்டுகள் டக்டக்கென்று விழத் தொடங்கின. ஆவண அறை, வாக்குப்பெட்டி அறை, கடைசியாகத் தூரத்தில் சிறையின் பெரிய கதவு. அதிபர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். சிக்ரித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அப்படியே கடலில் குதித்துவிடலாம் போலிருந்தது. செண்பகவல்லி மட்டும் பேருந்துக்குக் காத்திருப்பவர்போல அசையாமல் இருந்தார்.

செவி தொண்டையைக் கனைத்தது. இயந்திரத்துக்கு ஏது தொண்டை என்று கேட்காதீர்கள், அப்படி ஒரு சத்தம் வந்தது.

"அதே சொல், அதே ஆள், அதே பொருள்," என்றது. "இப்பேச்சாளர் இதே சொல்லை, இதே இழுவையோடு, இதே மோரோடு குறைதீர்க்கும் நாட்களில் மொழிந்த பதிவுகள் நான்காயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. அவை யாவும் பரிசீலனையில் உள்ளவை என்னும் பட்டியலிலிருந்து மறுக்கப்பட்டவை என்னும் பட்டியலுக்கு மாற்றப்படுகின்றன. மறுக்கப்பட்ட ஒவ்வொரு மனுவிற்கும் மேல்முறையீட்டு உரிமை உண்டு. காரணம் கூறாது மறுக்கப்பட்ட சிறைவாச மனுக்கள் பத்தொன்பது பேருடையவை. மேல்முறையீடு முடியும்வரை அன்னார் விடுதலை."

சாத்திய கதவு மறுபடி திறக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு மண்டபத்தில் நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. சுண்டல் பறந்தது. யாரோ என்னைத் தூக்கினார்கள், யாரோ இறக்கினார்கள். மனு கொடுத்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேல்முறையீடு எழுதப் பேனா தேடினார்கள். தங்கப்பழம் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "நான் இல்லைன்னே சொல்லலியே, நான் சொல்லவே இல்லியே" என்று திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாவம், அது நிஜம்தான்.

ஒருவர் சொல்லுக்குச் சான்றளித்த பொருள் அவருடைய பழைய பதிவுகளுக்கும் பொருந்தும் என்ற அந்த விதி மொழிச் சான்றாளர் கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறதாம். பன்னிரண்டு வருடம் அந்தக் கையேட்டின் மேல் காபி டம்ளர் வைத்துவந்தவள் நான். செண்பகவல்லி அதைத் துறைமுக நூலகத்தில் மூன்று தடவை படித்திருக்கிறார். நேற்றே சொல்லியிருக்கலாமேக்கா என்று சிறைக்கு நடக்கும் வழியில் கேட்டேன்.

"சொல்லிருந்தா நீங்க அதுக்காகச் சொன்ன மாதிரி ஆயிருக்கும். உண்மைக்காகச் சொன்ன மாதிரி ஆயிருக்காது," என்றார்.

சிறை வாசலில் கூட்டம் மேளத்தோடு காத்திருந்தது. பத்தொன்பது பேருக்கும் பதிவு போட்டு ஒவ்வொருவராக அனுப்ப நேரம் ஆகும் என்றார்கள். சிக்ரித் யாரோ சூட்டிய கதம்ப மாலையைக் கழற்றத் தெரியாமல் நின்றார். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து ஒரு சங்கிலித் தூணில் உட்கார்ந்தேன். செண்பகவல்லியும் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார்.

கடிதங்கள். அவையின் முத்திரை போட்டவை. இருபத்து மூன்று இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வரி: "தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு வருகிறது." எல்லாவற்றின் அடியிலும் ஒரே கையெழுத்து. அங்கயற்கண்ணி.

அவர் அதிபரிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, எங்களிடமும் கேட்டிருக்கிறார். என் மேசைக்கு வருடத்துக்கு இரண்டாயிரம் தமிழ்க் கடிதம் வரும். மேலே அனுப்பினால் திரும்பி வராது. அதனால் அந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அனுப்புவேன். தலைமையகம் கொடுத்த வாசகத்தில் கனிவு கிடையாது. மொட்டையாக இருக்கிறதே என்று அந்தச் சொல்லை நானாகச் சேர்த்தேன். சேர்த்த அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. செண்பகவல்லி என்ற பெயரை ஒரு தடவைகூடப் படித்ததாக நினைவில்லை.

"நேத்தே கேக்கணும்னு வந்தேன்," என்றார் அவர். கோபம் இல்லை குரலில். "இதுல கனிவுடன்னு போட்டிருக்கே. அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

என் சட்டையில் வில்லை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சிக்ரித் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். என்னைத் தடுக்கவில்லை. மாலையோடு அப்படியே நின்றார். நான் மொழிந்தால் அது என் ஒருத்தியோடு நிற்காது. கனிவு நீங்கலாக, எல்லா மொழியிலும் எல்லா நாட்டுக்கும் அவை அனுப்புவது அதே வரிதான், சொல்லும் ஆளும் அதே அவைதான்.

"இல்லைன்னு அர்த்தம்க்கா," என்றேன். "நாங்க பாக்கவே இல்லைன்னு அர்த்தம். மன்னிச்சிருங்க."

வில்லை ஒரு தடவை சிணுங்கியது. அதன் சின்னத் திரையில் மாற்றப்படும் பதிவுகளின் எண்ணிக்கை ஓடத் தொடங்கியது. தமிழ் முடிந்து ஸ்பானிஷ் ஆரம்பித்தது, பிறகு சுவாஹிலி, பர்மியம், அரபு. பதினேழு லட்சத்தைத் தாண்டியதும் சிக்ரித் பார்ப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தலைமையகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

செண்பகவல்லி கடிதங்களை வாங்கி, நான்காக மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார். "சரி. இப்பம் தெரிஞ்சிட்டு," என்றார். பிறகு கதவைப் பார்த்து எழுந்தார். உள்ளேயிருந்து ஒல்லியாக, தலை முழுக்க நரைத்த ஒருவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மேளக்காரர்கள் அடி பின்னிவிட்டார்கள்.

முதல் மேல்முறையீடு மாலை நாலரைக்கு என் கைப்பேசியில் அலுவலகக் கணக்குக்கு வந்தது. வேறொரு மிதவை நாடு, வேறொரு தாய். மகனைக் காணோம் என்று நான்கு வருடமாக எழுதுகிறார். பழைய கடிதங்களையும் இணைத்திருந்தார். அவற்றில் என் கனிவும் இருந்தது. அவர் எழுதியதை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். பையனுக்கு இடது புருவத்தில் தழும்பு, பெயர் அதிவீரன், காணாமல் போனபோது பத்தொன்பது வயது. பச்சை விளக்கு இன்னும் எரிந்தது. சிக்ரித்திடம் படித்துக் காட்டினேன். அவர் கப்பல் அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"ஆம். வெள்ளிக்கிழமை வருகிறோம்," என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.